கவிஞர்க்குக் கவிஞரே உரைகல்

ஒருவர் எழுதிய கவிதையை முதன்முதலாகக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே, அவர் அடுத்த கவிதையை எழுதுவதும் எழுதாது விடுவதும் அமைகின்றன. ஏறத்தாழ இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் பணியில் நாம் கண்டறிந்த உண்மைகளுள் இதுவே தலையாயது. இதனை நூல்களிலிருந்து மட்டும் நாம் அறியவில்லை. எமது பிழையொன்றினாலும் அறிந்தோம். எனவே அப்பிழையைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

புதுவை நகரினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கோட்டக்குப்பத்தைக் கடந்ததும் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்னும் ஊர்களைக் காண்பர். அதே சாலையில் மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வெள்ளை விரித்தாற்போல் தோன்றும். பெரிய முதலியார்சாவடியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வந்து எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, ஒரு நாள் குறிப்பேடு ஒன்றைத் தயங்கித் தயங்கி எம் மேசை மீது வைத்துச் சென்றாள். அனைத்தும் அவள் எழுதிய கவிதைகள். நாம் அதனை ஒரு வாரம் வைத்திருந்தோம். தளை தட்டிய இடங்களையும், ஒற்று விடுபட்ட இடங்களையும், மயங்கொலி பிழைத்த இடங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டோம். இறுதிப் பக்கத்தில், "புணர்ச்சி இலக்கணத்தை மீண்டும் பயில்க" என்று எழுதித் திருப்பித் தந்தோம். கடமையை ஒழுங்காகச் செய்துவிட்டதாகவே அன்று மகிழ்ந்தோம்.

பல்லாண்டுகள் கழித்து, அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் கைக்குழந்தையுடன் நின்ற அவளைக் கண்டோம். "இப்போது எழுதுவதுண்டா, அம்மா?" என வினவினோம். "அன்னிக்கே விட்டுட்டேன் ஐயா. பிழையில்லாம எனக்கு எழுத வராதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, குறையும் இல்லை. அதுவே எம்மைச் சுட்டது.

ஏனெனில், அக்குறிப்பேட்டில் ஒரு கவிதை இருந்தது. உப்பளத்தில் கூலிவேலை முடித்து மாலையில் வீடு திரும்பும் பாட்டி, கிணற்றடியில் கால் கழுவுகிறாள்; பாத வெடிப்பில் ஏறிய உப்பு எரிகிறது; "கடல் என் காலை விட மாட்டேன் என்கிறது" என்று பேத்தியிடம் சொல்லிச் சிரிக்கிறாள். நாம் வட்டமிட்ட பிழைகளுள் ஒன்றேனும் இன்று எம் நினைவில் இல்லை. அப்பாட்டியின் சிரிப்பு மட்டும் மறையவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அதனை அவளிடம் கூறினோம். "அப்படியா எழுதியிருந்தேன்?" என்று வியந்தாள். தான் எழுதியதையே அவள் மறந்திருந்தாள். சொல்ல வேண்டிய நாளில் அதனைச் சொல்லத் தவறியவர் நாமே.

வழிகாட்டிய பாணன்

படைப்பாளி மற்றொரு படைப்பாளிக்குத் துணைநிற்றல் தமிழர்க்குப் புதியதன்று. அதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்தவர் நம் முன்னோர். பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை வழியிற் கண்டு, "இவ்வழியே செல், இன்னாரைக் காண்" என்று ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. தாம் கண்ட ஊற்றைப் பிறர்க்கு மறைத்துவைக்கும் மனம் அங்கு இல்லை.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை இக்கடற்கரைக்கே உரிய நூல் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. 269 அடிகளால் அதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்திற்கு வடக்கே இன்றும் வழங்குகின்றது. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன், திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாட்டை ஆண்டவன். பாணன் செல்ல வேண்டிய வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர் பலர். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளும், அவர்தம் சிறுவரோடு விளையாடும் மந்தியும் அந்நூலில் காட்சியளிக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனுக்கு வழிசொன்ன சாலையில்தான் நம் மாணவர் இன்று பேருந்தில் வந்து செல்கின்றனர்.

நன்னூல் இதனை மேலும் நெறிப்படுத்துகின்றது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் யாவர் எனக் கூறுமிடத்து, ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருடன் உடன்கற்ற தோழரையும் பவணந்தியார் சேர்த்துள்ளார். உடன் இருந்து கற்றவனே நூலாசிரியனின் வலிமையையும் மெலிவையும் நன்கு அறிவான் என்னும் தெளிவு அதில் உண்டன்றோ? பிற்காலத்தில் சாற்றுகவி என்னும் பெயரில் அம்மரபு புகழுரையாகவே சுருங்கிற்று. இன்றைய அணிந்துரைகள் பல அதன் வழித்தோன்றல்களே.

அரங்கேற்றமும் இசுலாஹும்

நம் சமுதாயத்தின் தமிழ்ச் சொத்தாகிய சீறாப்புராணமும் இத்தகைய கூட்டுறவில் விளைந்ததே. உமறுப்புலவர்க்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். தம் மாணவன் மாற்றுச் சமயத்தான் என்பது அவ்வாசிரியர்க்குத் தடையாகவில்லை. பின்னர், பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகளைப் பெற வேண்டிச் சதக்கத்துல்லா அப்பா அவர்களை அணுகிய உமறு, முதலில் மறுக்கப்பட்டார் என்றும், பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் அவருக்கு வேண்டிய செய்திகளை அளித்து உதவினார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. சீதக்காதி வள்ளலுக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரிக்க, நூல் அரங்கேறிற்று. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தின் பின்னே ஒரு தமிழாசிரியரும், ஒரு மார்க்க அறிஞரும், இரு வள்ளல்களும், கேட்டு மதிப்பிட்ட ஓர் அவையும் நிற்கின்றனர்.

அரங்கேற்றம் என்பது விழா மட்டுமன்று, அது தேர்வு. புலவர் பாட, அவையினர் தடை எழுப்ப, புலவர் விடை கூற வேண்டும். விடை கூற இயலாவிடின் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று நாம் நடத்தும் வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை எஞ்சியுள்ளது; வினா மறைந்துவிட்டது.

அரபு இலக்கிய மரபிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இசுலாத்திற்கு முந்தைய காலத்தில் உக்காழ் சந்தையில் நாபிகா என்னும் முதுகவிஞர்க்குச் செந்தோற் கூடாரம் அமைக்கப்படும் என்றும், கவிஞர்கள் தத்தம் பாடல்களை அவர்முன் பாடித் தீர்ப்புப் பெறுவர் என்றும் கூறுவர். பிற்காலத்தில் பெருமானாரின் கவிஞராக விளங்கிய ஹஸ்ஸான் இப்னு தாபித் அவர்கள் இளமையில் அங்கே தம் குலப்பெருமையைப் பாடினார். விருந்துக் கலங்களையும் வாள்களையும் சுட்ட அவர் ஆண்ட பன்மைச் சொல், அரபு இலக்கணப்படி சிறிய எண்ணிக்கையையே உணர்த்துவது. "நீ கவிஞன்தான், ஆயினும் உன் கலங்களையும் வாள்களையும் நீயே குறைத்துவிட்டாய்" என்னும் கருத்துப்பட நாபிகா உரைத்தாராம். இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கவிஞன் என்ற ஒப்புதல் முதலில் வந்தது; குறை பின்னர் வந்தது; குறைக்குக் காரணமும் உடன் வந்தது. நாம் அம்மாணவியின் குறிப்பேட்டில் செய்யத் தவறியது இவற்றுள் முதலாவதை.

உருது மொழியில் 'இசுலாஹ்' என்பது மூத்த கவிஞர் இளையவரின் செய்யுளைத் திருத்தித் தரும் வழக்கம். அல்லாமா இக்பால் இளைஞராயிருந்தபோது, ஐதராபாத்தில் நிசாமின் அவைக்கவிஞராக இருந்த தாக் தெகல்விக்குத் தம் கஸல்களை அஞ்சலில் அனுப்பித் திருத்தம் பெற்றார். சில காலத்திலேயே, இனித் திருத்துதற்குரிய இடம் மிகுதியாக இல்லை என்று தாக் தெரிவித்துவிட்டார். 1905இல் தாக் மறைந்தபோது இக்பால் இரங்கற்பா பாடினார். திருத்துபவருக்கு எப்போது திருத்துவதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் பலர்க்கு அரிதாகவே வாய்க்கும் பண்பு இது.

புதுவையின் கவிதா மண்டலம்

மீண்டும் நம் கடற்கரைக்கே வருவோம். உமறுப்புலவர் வாழ்ந்த அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், 1908இல் புதுவைக்கு வந்து 1918 வரை பத்தாண்டுகள் தங்கினார். அங்கே வேணு நாயக்கரின் திருமண நிகழ்ச்சியில் ஓர் இளந்தமிழாசிரியர் பாரதியின் பாடல்களைப் பாடினார். அவையில் பாரதியே அமர்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அவ்விளைஞரே கனக சுப்புரத்தினம். பின்னர் நண்பர் நடுவே பாரதியார் அவரைப் பாட்டெழுதுமாறு பணித்ததும், அவர் எழுதிய சக்திப் பாடலைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்னும் குறிப்புடன் சுதேசமித்திரனுக்கு அனுப்பியதும் தமிழுலகம் அறிந்தவை.

அக்குறிப்பில் உள்ள பெருந்தன்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். "என் மாணவன்" என்று பாரதி எழுதவில்லை. "மண்டலத்தைச் சேர்ந்தவர்" என்றே எழுதினார். மண்டலத்தில் மேல் கீழ் இல்லை. அச்சொல் வீண்போகவில்லை. கனக சுப்புரத்தினம் பாரதிதாசனானார். 1935இல் பாரதியின் பெயரோடு 'கவிதா மண்டலம்' என்னும் கவிதை இதழை நடத்தினார். பின்னாளில் 'பொன்னி' இதழ் பாரதிதாசன் பரம்பரை என்னும் வரிசையில் இளங்கவிஞர் பலரை அறிமுகப்படுத்திற்று. புதுவை மண்ணின் வாணிதாசன், பாரதிதாசனின் பெயரையே தம் பெயராகச் சுருக்கிக்கொண்ட சுரதா, முடியரசன் முதலியோர் அப்பரம்பரையினர். ஒரு பாராட்டுக் குறிப்பு ஒரு தலைமுறையையே ஈன்றது எனின் மிகையாகாது.

பாராட்டினால் மட்டும் கவிதை வளர்ந்துவிடுமா என்னும் வினா எழலாம். வளராது. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' இதழ் இதற்குச் சான்று. அவ்விதழில் கவிதை எழுதியவர்களே விமரிசனமும் எழுதினர். ஒருவர் கவிதையை மற்றவர் அலசினர், மறுத்தனர், விளக்கினர். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதியதும் அதில் இடம்பெற்றது. 1962இல் வெளிவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு அக்கூட்டு முயற்சியின் விளைச்சல். 1971இல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி' வேறொரு கொள்கை உடையது. ஆயினும் அதுவும் கவிஞர் பலர் ஒருங்கு கூடியதன் பயனே. கொள்கையால் மாறுபட்ட இவ்விரண்டும் ஒன்றில் ஒத்தன: கவிஞன் தனித்து வளர்வதில்லை.

வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) இளங்கவிஞர் பலரின் நூல்களுக்கு அணிந்துரை வழங்கிக் கைதூக்கிவிட்டதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். நம்மைப் போன்ற கல்லூரி ஒன்றின் வகுப்பறை கவிதைக்குத் தாய்மடியாக முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இருபுறத்துப் பள்ளங்கள்

இவ்வழியின் இருபுறமும் பள்ளங்கள் உள. ஒன்று கடுமை. பிழைபடப் பாடுவோரைப் பிள்ளைப்பாண்டியன் குட்டினான், வில்லிபுத்தூரார் செவியறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டினார் என்னும் கதைகள் நம்மிடையே வழங்குகின்றன. அவை வரலாறு அல்ல எனினும், அவற்றை நாம் எவ்வளவு சுவையோடு வகுப்பில் சொல்கிறோம்! செவி அறுந்தவன் பக்கம் நின்று ஒருவரும் கதை சொல்வதில்லை. 1867இல் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தபோது எழுந்த பூசல், 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பாடல் அருட்பாவா மருட்பாவா என்னும் வாதம் ஆட்களின் மீது வசையாக மாறியது. அப்பூசலின் பிற்பகுதியில் அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் வாதிட்டவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) என்பது நமக்குப் பெருமை. பாட்டின் சுவையறிந்தவனுக்குச் சமயவேலி குறுக்கே நிற்பதில்லை என்பதை அவர் மெய்ப்பித்தார்.

மற்றொன்று இனிப்பு. இன்றைய கவியரங்குகளில் முதலடி முடியுமுன் கைத்தட்டல் எழுகின்றது. "அருமை, அருமை" என்போர் எதனை அருமை என்கின்றனர் என்று கேட்டால் விடை இல்லை. நீ என்னைப் பாராட்டு, நான் உன்னைப் பாராட்டுவேன் என்னும் கொடுக்கல் வாங்கலாகவே பல கூட்டங்கள் முடிகின்றன. கடுமை ஒரு கவிஞனை ஒரே நாளில் வீழ்த்தும். போலிப் புகழ் அவனைப் பத்தாண்டுகள் அதே இடத்தில் நிறுத்தி வைக்கும். நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மட்டுமன்று, எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்கும் ஆகும் என்றார் வள்ளுவர். ஊடலைப் பற்றிக் கூறுமிடத்து, அது உப்பைப் போல் அளவோடு அமைய வேண்டும் என்றும் அவரே கூறினார். திருத்தத்திற்கும் அவ்வுவமை பொருந்தும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பு மிகுந்த பண்டமும் அங்கேயே செல்லும்.

இலக்கணத்தைக் கைவிடுமாறு நாம் கூறுவதாக மூத்தோர் எவரும் கருத வேண்டா. பிழை பிழையே. ஒற்றுப் பிழையைக் காட்டாது விடும் ஆசிரியர் தம் கடமையில் தவறியவர். நாம் கேட்பது வரிசை பற்றியது. உயிருள்ள அடியை முதலில் சுட்டுக. பிழையைப் பின்னர் சுட்டுக. உயிர் இருக்கிறது என்று அறிந்தவனே உடம்பைப் பேணுவான்.

ஒரு வேண்டுகோள்

எனவே நம் துறைக்கும் நம் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். மாதம் ஒரு மாலை, மேடையும் மாலையும் தலைமையுரையும் இன்றி, ஆசிரியரும் மாணவரும் வட்டமாக அமர்ந்து எழுதியதைப் படிப்போம். படிப்பவர் முன்கூட்டியே விளக்கம் கூறலாகாது. கவிதை தன் காலில் நிற்கட்டும். கேட்பவர், தம் நெஞ்சில் தங்கிய ஓர் அடியை முதலில் கூறுக. அதன்பின் தமக்குப் புலப்படாத இடத்தையும், பிழைபட்ட இடத்தையும் காரணத்தோடு கூறுக. எழுதியவரின் ஊரையோ குடும்பத்தையோ கல்வியையோ சமயத்தையோ எவரும் சுட்டலாகாது. திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் எழுதியவரின் உரிமை. ஆசிரியரும் தாம் எழுதியதை அங்கே கொண்டுவந்து படிக்க வேண்டும்; மாணவர் அதில் குறை கண்டால் முகம் சுளிக்கலாகாது. இறுதியாகக் கூறியதுதான் எமக்கு மிகக் கடினமானது என்பதையும் மறைக்கவில்லை.

சாவடி என்பது நம் ஊர்ப்புறத்தில் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். ஊரார் கூடிப் பேசும் இடமும் அதுவே. அங்கே தங்குபவன் யார், எவ்வூரான் என்பதைவிட, இன்னும் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும், வழியில் நீர் எங்குக் கிடைக்கும் என்பவையே பேச்சாக இருக்கும். கவிஞர் கூட்டமும் அத்தகைய சாவடியாக இருத்தல் வேண்டும். அக்கூட்டத்திற்குச் சாவடி என்றே பெயரிடலாம் என்பது எம் விருப்பம்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். சீதக்காதியும் அபுல்காசிமும் உமறுவுக்குப் பொருள் மட்டும் ஈந்தவரல்லர். நூல் உருவாகவும் அரங்கேறவும் துணைநின்றவர்கள். தங்கள் இல்லத்துப் பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, கவிதை எழுதுகிறாள் என்றால் அதனை ஒருமுறை இருந்து கேளுங்கள். புரியவில்லை எனினும் கேளுங்கள்.

பெரிய முதலியார்சாவடியில் அன்று பேருந்து வந்தது. அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். அக்குறிப்பேடு இப்போது எங்குள்ளதோ, அவளும் அறியாள். ஆயினும் ஏறுமுன் திரும்பிப் பார்த்து, "பாட்டி அப்படித்தான் ஐயா சொல்லும்" என்றாள். அவள் மீண்டும் எழுதுவாளா என்பது எம் கையில் இல்லை. இவ்வாண்டு எம் மேசை மீது வைக்கப்படும் குறிப்பேடுகளை நாம் எவ்வாறு படிக்கப் போகின்றோம் என்பது எம் கையில் உள்ளது. சிவப்பு மையைத் திறக்குமுன், நெஞ்சில் தங்கும் ஓர் அடியைத் தேடுவோம்.